அரிவரி தொடக்கி வைத்தவர்கள்

(ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

பழைய பள்ளிக்கூட நினைவுகளைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் என்னைப் பணித்திருக்கிறார்கள். வயது எண்பதைத் தாண்டிய ஒருவனிடம் இந்த விஷயத்தைக் கொடுப்பது கட்டவிழ்த்த மாட்டைப் புல்வெளியில் விடுவது போன்றது; எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது. ஆகையாற்றான் காரியதரிசி அவர்கள் அரைமணி நேரம் என்று கயிறு கட்டி விட்டிருக்கிறார். கயிற்றின் நீளத்துக்குள் மேய்ந்துவிட்டு வந்துவிடுகிறேன்.

திருகோணமலையில் மேடையேறுகிறவர்கள் முதலிற் கோணேசர் பெருமையையும், அடுத்தபடியாக இயற்கைத் துறைமுகத்தின் பெருமையையும் சொல்வது வழக்கம். கொஞ்சம் நூல் படித்தவர்களாயிருந்தால், 1895ஆம் ஆண்டிலே 'மோகனாங்கி' என்னும் சரித்திர நாவலை எழுதிய தி. த. சரவணமுத்துப்பிள்ளையும், அவருடைய சகோதரர் தி. த. கனகசுந்தரம்பிள்ளையும் இந்த மண்ணிலே பிறந்தவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள். எல்லாம் மெய்தான், சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பெரியவர்களுடைய விரலைப் பிடித்து அகரம் எழுதுவித்த உபாத்தியாயரைப் பற்றி எந்த மேடையிலும் ஒருவரும் பேசி நான் கேட்டதில்லை. கோபுரத்தைப் பார்ப்பவர்கள் அத்திவாரத்துக் கல்லைத் தேடுவதில்லை.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. காரைதீவிலே 1892ஆம் ஆண்டு பிறந்து, மயில்வாகனன் என்னும் பிள்ளைப் பெயரோடு வளர்ந்த விபுலாநந்த அடிகளை நீங்கள் அறிவீர்கள். நமது ஊர் இந்துக் கல்லூரி 1897ஆம் ஆண்டிலே ஒரு சிறிய இந்துப் பாடசாலையாகத் தொடங்கியது. 1925ஆம் ஆண்டில் அது இராமகிருஷ்ண சங்கத்தார் கைக்கு வந்தபின் அடிகள் அதன் பொறுப்பை ஏற்று இவ்வூரிலே தங்கி அதனை வளர்த்தார். பின்பு 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக வீற்றிருந்தார். 1947இல் யாழ்நூலை அரங்கேற்றிவிட்டு அவ்வாண்டிலேயே மறைந்தார். இத்தனை உயரம் போனவர், தமக்குக் கிராமத்திலே முதன்முதற் கற்பித்த குஞ்சித்தம்பி ஆசிரியரை மறவாமற் செய்யுளிலே வைத்துப் பாடினார். அந்தச் செய்யுளினாலேதான் குஞ்சித்தம்பி ஆசிரியர் என்ற பெயர் இன்றும் நமக்குத் தெரிகிறது. மற்ற ஆயிரம் குஞ்சித்தம்பிகளுக்குப் பாட ஆளில்லை.

நான் படித்த பள்ளிக்கூடத்தின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. சொன்னால் மற்றப் பள்ளிக்கூடங்களின் பழைய மாணவர்கள், இதோ முன்வரிசையில் இருப்பவர்கள், கோபித்துக்கொள்வார்கள். அன்றியும், அந்நாளிலே இந்தக் கடலோரத்தில் இருந்த சைவப் பள்ளிக்கூடங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒன்று போலவே இருந்தன. கிடுகு வேய்ந்த நீண்ட கொட்டகை, அரைச்சுவர், சாணமிட்டு மெழுகிய நிலம். வகுப்புக்கும் வகுப்புக்கும் இடையிற் சுவர் கிடையாது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை தன் வாய்ப்பாட்டை மறந்தால், அடுத்த வரிசையில் நாலாம் வகுப்பார் சொல்வதைக் கேட்டுச் சமாளித்துக்கொள்ளலாம். மணிக்குப் பதிலாகத் தண்டவாளத் துண்டு ஒன்று பூவரச மரத்திலே தொங்கிற்று. புகையிரதம் 1927ஆம் ஆண்டில் நமது ஊருக்கு வந்ததனால் விளைந்த நன்மைகளுள் இதுவும் ஒன்றென்று எங்கள் கணக்கு வாத்தியார் சொல்வார்.

எனக்கு 1948ஆம் ஆண்டு விஜயதசமியன்று கோயிலில் ஏடு தொடக்கினார்கள். தாம்பாளத்துப் பச்சையரிசியில் விரலால் எழுதியது அன்று ஒருநாள் மாத்திரந்தான். தை பிறந்து பள்ளிக்கூடம் போன பின்பு அரிசிக்குப் பதில் கடற்கரை மணல். அரிவரிப் பிள்ளைகள் இருந்த மூலையில் முழங்கை அகலத்துக்கு மணல் பரப்பியிருக்கும். கிழமைக்கு ஒருமுறை பெரிய வகுப்புப் பையன்கள் ஓலைப்பெட்டியில் புதுமணல் அள்ளிக்கொண்டு வருவார்கள். எழுத்துச் சரியாக வந்தபின்புதான் சிலேட்டு. சிலேட்டைத் துடைக்கக் கோவையிலையும் கரியும். கோவையிலைக்கு மாணவரிடையே ஒரு வியாபாரமே நடந்தது. கல்லுப்பென்சில் அரைத்துண்டுக்கு நாலு இலை. இன்றைக்குப் பிள்ளைகள் கொண்டு திரியும் புத்தகப் பையைப் பார்த்தால், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். எங்கள் கையில் ஒரு சிலேட்டும், ஆறுமுக நாவலர் அவர்களின் பாலபாடமும், சைவ வினாவிடையும் இருந்தன. நாவலர் 1848ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி, பிள்ளைகளுக்கென்று வசனநடையில் எழுதிய அந்தப் பாடங்கள், நூறு வருடம் கழிந்தபின்பும் எங்கள் கொட்டகையில் உரத்த குரலில் வாசிக்கப்பட்டன.

அரிவரிக்கு ஒரு ரீச்சர் இருந்தா. வெள்ளைச் சேலை, நெற்றியில் திருநீறு, இளவயதிலே கணவனை இழந்தவ என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். முப்பது வருடத்துக்குக் குறையாமல் அதே மூலையில், அதே மணலில், அதே அகரத்தைக் கற்பித்தா. மேல்வகுப்புக்குப் போக அவவுக்கு வாய்ப்பு வந்தபோதும் போகவில்லையாம். காலையில் அழுதுகொண்டு வரும் பிள்ளைக்கு முந்தானையில் முடிந்து வைத்திருக்கும் கற்கண்டு ஒரு துண்டு கிடைக்கும். கற்கண்டுக்காகவே அழுதவர்களும் இருந்தார்கள். அவவுக்கும் அது தெரியும். இரண்டாம் நாள் அழுதால் கற்கண்டின் பாதிதான் தருவா; மூன்றாம் நாள் அழுகை தானாக நின்றுவிடும். உளவியல் என்ற சொல்லை அவ கேள்விப்பட்டிருக்கமாட்டா.

கணக்கு வாத்தியார் வேறு விதம். பிரம்பு உண்டு, அதற்குப் பெயரும் உண்டு, பெயரைச் சபையிற் சொல்ல முடியாது. ஆனால் அவர் கணக்கைப் புத்தகத்தில் இருந்து எடுக்கமாட்டார். "தம்பி, உன் கொப்பர் இன்றைக்குக் கரைவலையில் எத்தனை கூடைச் சாளை எடுத்தார்? பங்காளி எத்தனை பேர்? சம்மாட்டியார் பங்கு போக மிச்சம் எவ்வளவு?" என்று தொடங்குவார். பாகம் ஒன்றுக்கு ஆறு அடி. கயிற்றிலே கல்லைக் கட்டி இறக்கி ஆழம் பார்ப்பது எப்படி. இந்தக் குடாவில் இத்தனை பெரிய கப்பல்கள் தரைதட்டாமல் ஏன் நிற்கின்றன: இவை எல்லாம் எங்களுக்குப் பெருக்கல் கணக்காக வந்தன. கப்பல் ஊதுஞ் சத்தம் கேட்டால் வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்க்கும். அவர் தடுக்கமாட்டார். "பார்த்தாயிற்றா? எத்தனை புகைபோக்கி?" என்று கேட்பார். அவருடைய மாணவர்களிற் பலர் பின்னாளில் டொக்யாட்டிலும் புகையிரதப் பகுதியிலும் கணக்கு எழுதினார்கள்.

தமிழுக்கு ஒரு பண்டிதர் இருந்தார். யாழ்ப்பாணத்து ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கத்தார் நடத்திய பரீட்சையிலே தேறியவர். அந்தச் சங்கம் 1921ஆம் ஆண்டிலே தொடங்கியது; அதன் பண்டித பரீட்சை எவ்வளவு கடினமானது என்று இங்கே இருக்கும் பெரியவர்களுக்குத் தெரியும். அவ்வளவு படித்தவர் எங்களுக்குச் சம்பந்த சுவாமிகளின் கோணமாமலைப் பதிகத்தைக் கற்பித்த விதம் இது: டச்சுக்குடாக் கடற்கரைக்கு வகுப்பையே கூட்டிக்கொண்டு போனார். கடல் சந்தனத்தையும் அகிலையும் முத்தையும் மணியையும் கரையிலே கொண்டுவந்து கொழிக்கிறது என்று சுவாமிகள் பாடியிருக்கிறார். இன்றைக்குக் கடல் என்ன கொண்டு வந்திருக்கிறது, போய்ப் பொறுக்கி வாருங்கள் என்றார். நாங்கள் தேங்காய் மட்டையும், கப்பற் கயிறும், சோடாப் போத்தலும், ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயின் ஒற்றைச் சப்பாத்தும் கொண்டுவந்து வைத்தோம். பண்டிதர் சப்பாத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "சம்பந்தர் வந்த காலம் நல்ல காலம்" என்றார். பதிகம் முழுவதும் எனக்கு இன்றைக்கும் மனனம். அடி வாங்கிப் படித்தவை பல மறந்து போயின.

அக்காலத்திலே சுவாமி மலையிற் கோயில் இல்லை. போர்த்துக்கேயர் பதினேழாம் நூற்றாண்டிலே இடித்த கோயிலின் கல்லெல்லாம் கோட்டைக்குப் போய்விட்டது. பாறையின் உச்சியிலே கற்பூரங் கொளுத்திக் கடலை நோக்கிக் கும்பிடுவதுதான் வழிபாடு. நான் சிறுவனாயிருந்த 1950ஆம் ஆண்டிலே, நகரசபையார் கிணறு வெட்டியபோது மண்ணுக்குள் இருந்து சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி முதலிய விக்கிரகங்கள் வெளிப்பட்டன. ஊர் முழுவதும் கண்ணீர் விட்டது. எங்கள் பெரிய வாத்தியார், அதாவது தலைமையாசிரியர், பள்ளிக்கூடத்தை மூடாமல், இடாப்பிலே வரவு பதிந்துவிட்டு, எங்களை இரட்டை வரிசையில் நடத்திக்கொண்டு போய்க் காட்டினார். "சரித்திரபாடம் என்று எழுதியிருக்கிறேன், யாரும் வந்து கேட்டால் அப்படியே சொல்லுங்கள்" என்றார். வித்தியாதரிசி கேட்டாரோ இல்லையோ அறியேன். அந்தப் பாடத்திற் சித்தியடையாதவர் எங்கள் வகுப்பில் ஒருவருமில்லை. அந்த விக்கிரகங்கள் மலையிலே மீண்டும் எழுந்தருளிக் குடமுழுக்கு நடந்தது 1963ஆம் ஆண்டு மார்ச் 3ஆந் திகதி. அன்று கூட்டத்திலே பெரிய வாத்தியாரைக் கண்டேன். கிழவராகிவிட்டார். என்னைப் பார்த்து, "சரித்திரபாடம் முடிந்தது" என்றார்.

இந்தப் பெரிய வாத்தியாரைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். மற்றவை எல்லாம் நடுவில் நுழைந்துகொண்டவை.

மூடிய கழுத்துக் கோட்டு, வேட்டி, சால்வை, கையிலே குடை. மழைக்கும் வெயிலுக்கும் மாத்திரமல்ல, பள்ளிக்கு வராத பிள்ளையைத் தேடிப் போகும்போது வேலிப் படலையைத் தட்டவும் அந்தக் குடைதான். அந்நாளிலே தமிழ்ப் பள்ளிக்கூடத்திற் சம்பளம் கட்ட வேண்டியதில்லை. சம்பளம் வாங்கியவை ஆங்கிலப் பள்ளிக்கூடங்கள். 1945ஆம் ஆண்டிலே கன்னங்கரா அவர்கள் கொண்டுவந்த இலவசக் கல்வி அந்தக் கதவுகளைத் திறந்தது பெரிய காரியம். ஆனால் இலவசம் என்ற சொல் வயிற்றை நிரப்பாது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் ஏழைத் தாய், அவன் விறகு பொறுக்கிக் கொண்டுவரும் ஐந்து சதத்தை இழக்கிறாள். இதைப் பெரிய வாத்தியார் அறிந்திருந்தார். ஆகையாற் பள்ளியிற் கொடுக்கும் பகலுணவை அவர் பாடத்துக்குச் சமமாக மதித்தார். அது பிந்தினால் தாமே அடுப்படிக்குப் போய் நிற்பார்.

1953ஆம் ஆண்டு வந்தது. அவ்வாண்டு யூலை மாதத்திலே, 25 சதமாக இருந்த ஒரு கொத்துப் பங்கீட்டரிசியின் விலையை அரசாங்கம் 70 சதமாக்கியது. கூடவே பாடசாலைப் பகலுணவும் நிறுத்தப்பட்டது. ஓகஸ்டு 12ஆந் திகதி தீவின் பல பாகங்களிலும் ஹர்த்தால் நடந்ததும், துப்பாக்கிச் சூட்டிற் பலர் மாண்டதும், பிரதமர் டட்லி சேனநாயக்கா அவ்வாண்டிலேயே பதவி விலகியதும் சரித்திரப் புத்தகத்தில் இருக்கின்றன. எங்கள் கொட்டகையில் நடந்தது எந்தப் புத்தகத்திலும் இல்லை. பகலுணவு நின்ற இரண்டாம் கிழமை, இடாப்பிலே சிவப்பு மையில் வட்டங்கள் கூடின. மூன்றாம் வகுப்பில் எங்களோடு இருந்த முப்பத்தாறு பேரில் பதினொருவர் வரவில்லை. எண்ணிச் சொல்கிறேன், கணக்கு வாத்தியார் அதையும் எங்களுக்கு ஒரு கழித்தற் கணக்காகக் கரும்பலகையில் எழுதிவிட்டு, விடையை எழுதாமல் வெளியே போய்விட்டார்.

பெரிய வாத்தியார் குடையை எடுத்துக்கொண்டு வீடுவீடாகப் போனார். வராத பிள்ளைகளின் வீட்டுக்கு மாத்திரமல்ல, வருகிற பிள்ளைகளின் வீட்டுக்கும் போனார். "அம்மா, நாளைக்கு உலையில் அரிசி போடும்போது ஒரு பிடியை இந்தப் பெட்டியில் போட்டு வையுங்கள். வெள்ளிக்கிழமை பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள்" என்றார். பிடியரிசி எடுப்பது நம்மவர்களுக்குப் புதிதன்று. கோயிலுக்கும் மடத்துக்கும் எடுத்துப் பழகிய கை. பள்ளிக்கூடத்துக்கு எடுத்தது அப்போதுதான். கரைவலைக்காரர் மீன் தந்தார்கள். கடைத்தெருவிலே ஒரு வணிகர் உப்பும் பருப்பும் தந்து, தம் பெயரை வெளியிடக்கூடாது என்று கேட்டுக்கொண்டார். இன்றைக்கும் நான் வெளியிடவில்லை. ரீச்சர் முதல் மணிக்கு அகரம் சொல்லிக்கொடுத்துவிட்டு, இரண்டாம் மணிக்கு அடுப்பிலே கஞ்சி வைத்தா. அரிவரிப் பிள்ளைகள் கஞ்சி கொதிக்கும் சத்தத்தோடு ஆனா ஆவன்னா படித்தார்கள்.

இங்கே ஒரு விஷயத்தை மூடி மறைத்துப் பேசினால், நான் இந்த மேடைக்கு வந்தது பொய்யாகிவிடும். கஞ்சி ஆயிற்று; எல்லாரும் ஒரே வரிசையில் இருந்து குடிப்பதா என்ற கேள்வி வந்தது. சமாசனம், சமபந்தி என்ற சொற்களை இன்றைய இளைஞர்கள் கேள்விப்பட்டிருக்கமாட்டீர்கள். உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளிற் பிள்ளைகள் எல்லாரும் சமமாக ஆசனத்தில் இருக்க வேண்டும் என்று வித்தியா பகுதியார் 1930ஆம் ஆண்டை அண்டிக் கட்டளையிட்டபோது, யாழ்ப்பாணத்திலே பள்ளிக்கூடங்களுக்குத் தீ வைத்தார்கள். வைத்தவர்கள் அந்நியரல்லர், திருநீறு பூசியவர்கள். நமது ஊர் அவ்வளவு தூரம் போகவில்லை. ஆனால் நமது ஊர் சுத்தமாக இருந்ததென்றும் நான் சொல்லமாட்டேன். ஒரு பெரியவர், கோயிற் காரியங்களில் முன்னிற்பவர், பள்ளிக்கு வந்து, "வாத்தியார், எங்கள் வீட்டரிசி, எங்கள் பிள்ளைகளை ஒருபக்கமாக இருத்துங்கள். அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கு வெளியே ஊற்றுங்கள்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

பெரிய வாத்தியார் மறுமொழி சொல்லவில்லை. சால்வையை எடுத்து இடுப்பிற் கட்டினார். சிரட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு, அந்தப் பெரியவர் யாரை வெளியே வைக்கச் சொன்னாரோ அந்தப் பையனுக்கும் இன்னொரு பையனுக்கும் நடுவிலே, நிலத்திலே சம்மணங்கட்டி இருந்தார். "ரீச்சர், எனக்கும் ஊற்றுங்கோ" என்றார். அந்த இன்னொரு பையன் நான். அவருடைய முழங்கால் என் முழங்காலில் இடித்தது எனக்கு இப்போதும் தெரிகிறது. தலைமையாசிரியரின் முழங்கால் நம்முடையதைப் போலவே எலும்பு என்று அன்றைக்குத்தான் அறிந்தேன். பண்டிதர் வந்து எதிர்வரிசையில் இருந்தார். கணக்கு வாத்தியாரும் இருந்தார். ஒருவரும் பிரசங்கம் செய்யவில்லை. கஞ்சி குடித்தோம்.

பெரியவர் தம் பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு போனார். மூன்று கிழமை அவர்கள் வரவில்லை. வராத அந்த வீட்டுக்கும் குடை போயிற்று. பெரிய வாத்தியார் அங்கே என்ன பேசினார் என்று ஊரில் எத்தனையோ விதமாகச் சொன்னார்கள், அவர் சொல்லவில்லை. நாலாம் கிழமை இரண்டு பிள்ளைகளும் வந்தார்கள். வெள்ளிக்கிழமை அரிசிப் பெட்டியும் வந்தது. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் இலங்கையில் நிறைவேறியது 1957ஆம் ஆண்டில். எங்கள் கொட்டகையில் அது நாலு வருடம் முந்தியே, சிரட்டையோடு நிறைவேறிவிட்டது. சைவ சமயத்தைப் பற்றி அதன் பின்பு நான் எத்தனையோ சொற்பொழிவு கேட்டிருக்கிறேன். சில நானே செய்துமிருக்கிறேன். அந்தச் சிரட்டைக்கு மேலே ஒன்றும் ஏறவில்லை.

பின்னால் நடந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 1957ஆம் ஆண்டு ஒக்டோபர் 15ஆந் திகதி பிரித்தானியர் கடற்படைத் தளத்தை இலங்கை அரசாங்கத்திடம் ஒப்படைத்தார்கள். நாடு மகிழ்ந்தது, நாங்களும் மகிழ்ந்தோம். ஆனால் டொக்யாட்டையே நம்பியிருந்த குடும்பங்கள் பல வேலையிழந்து ஊரைவிட்டுப் போயின. வகுப்புகளில் இடம் காலியாயிற்று. கொடி இறங்குவதையும் ஏறுவதையும் பார்க்கப் போன பிள்ளைகளிற் சிலர், அடுத்த தவணைக்கு வரவில்லை.

பின்பு 1960ஆம் ஆண்டு 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டு 8ஆம் இலக்கச் சட்டமும் வந்து, உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகள் அரசாங்கத்துக்குப் போயின. இதைப் பற்றி நமது பெரியோர்களுக்குள் இரண்டு அபிப்பிராயம் உண்டு. இந்த மண்டபத்திலேயே இரண்டும் இருக்கின்றன. என் அபிப்பிராயத்தையும் கேளுங்கள். ஆசிரியர்களுக்கு மாதாமாதம் சம்பளம் நிச்சயமாயிற்று. முகாமையாளரின் வீட்டு வாசலில் காத்து நிற்கும் அவமானம் ஒழிந்தது. கிடுகு போய் ஓடு வந்தது. இவை நன்மைகள். அதை மறுப்பவர் அந்த வாசலில் நின்றறியாதவர். ஆனால் அதுவரையில் பள்ளிக்கூடம் ஊருடையது. அதன்பின் ஊரவர் பள்ளிக்கூடத்தைத் தபாற்கந்தோரைப் போலப் பார்க்கத் தொடங்கினார்கள். கூரை ஒழுகினால் அரசாங்கத்துக்கு எழுது என்பார்கள். பிடியரிசிப் பெட்டி தானாகவே அடுப்படிக்குத் திரும்பிப் போயிற்று. சட்டம் அதை எடுத்துக்கொள்ளவில்லை, நாமேதான் கொடுத்துவிட்டோம்.

பழைய ஆசிரியர்கள் ஒருவர் பின் ஒருவராக ஓய்வு பெற்றார்கள். ரீச்சருக்குப் பிரியாவிடை நடந்தபோது, பேச எழுந்தவ, "எனக்கு ஆனாவுக்கு மேலே அதிகம் தெரியாது" என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டா. சபையில் இருந்தவர்களில் டாக்குத்தர் ஒருவரும் நியாயதுரந்தரர் இருவரும் அந்த ஆனாவிலே தொடங்கியவர்கள்.

1983ஆம் ஆண்டுக்குப் பின்பு நமது மாவட்டம் பட்டதை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. 1985இலும் 1990இலும் இடம்பெயர்ந்த குடும்பங்கள் இந்தச் சபையில் எத்தனையோ இருக்கின்றன. கோணமலையில் இருந்து முல்லைத்தீவுக்கும், அங்கிருந்து இந்திய முகாம்களுக்கும், கனடாவுக்கும் போனவர்களுடைய பிள்ளைகள் இன்றைக்கு வேறு மொழிகளில் அரிவரி படிக்கிறார்கள். ஓடும்போது வீட்டுப் பத்திரத்தை எடுத்தார்கள், நகையை எடுத்தார்கள், சுவாமி படத்தை எடுத்தார்கள். பள்ளிக்கூடத்து இடாப்பை எடுப்பது யார்? எஞ்சியிருந்தவற்றிற் சிலவற்றை 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி கடல் கொண்டது. கரையோரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில், சுனாமிக்குப் பின்பு, சேற்றில் ஊறிய வரவு இடாப்புகளை இளம் ஆசிரியை ஒருவர் கல் வைத்து வெயிலில் உலர்த்திக்கொண்டிருந்ததைக் கண்டேன். மை கரைந்து நீலமாய்ப் பரவியிருந்தது. சிவப்பு வட்டங்கள் மாத்திரம் சில இடங்களில் தெரிந்தன. வந்த பிள்ளைகள் அழிந்து, வராத பிள்ளைகள் நின்றார்கள்.

இன்றைய பள்ளிக்கூடத்தைக் குறைகூற நான் வரவில்லை. இன்றைக்கும் மூதூருக்கும் குச்சவெளிக்கும் அப்பால் பஸ் மாறிப் போய்ப் படிப்பிக்கும் ஆசிரியைகளை அறிவேன். ஆனால் பத்து வயதுப் பிள்ளையைப் புலமைப்பரிசிற் பரீட்சைக்காக விடியமுன் ஒரு வகுப்பும், பள்ளி விட்டபின் இரண்டு வகுப்புமாக இழுத்துக்கொண்டு ஓடுவதைப் பார்க்கும்போது, கோவையிலை வியாபாரம் செய்ய அவனுக்கு நேரம் எங்கே என்று நினைக்கிறேன். ஊரின் நடுவிலுள்ள பெரிய கல்லூரிகளின் வாசலில் இடம் கேட்டு நெருக்குகிறோம். தெருக்கோடியிலுள்ள சிறிய பள்ளிக்கூடத்திற் பிள்ளைகள் குறைந்து போகிறார்கள். அங்கே இருப்பவர்கள் யாருடைய பிள்ளைகள் என்று போய்ப் பாருங்கள். பகல் வேளையில் போனால் நல்லது.

இனி, சங்கத்தாரிடம் ஒரு விண்ணப்பம். இந்த வருடம் சேர்ந்த பணத்தில் வாயிலுக்கு ஒரு வளைவு கட்டுவது என்று பேசுகிறீர்கள் என அறிகிறேன். கட்டுங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? அதற்கு முன்பு, செலவில்லாத ஒரு காரியம் உண்டு. இளைஞர்கள் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டிலோ அயலிலோ உள்ள எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒருவரிடம் போய், அவருக்கு அரிவரி தொடக்கிய ஆசிரியர் யார், எந்த ஊரார், எந்தப் பள்ளிக்கூடத்தில், ஏறக்குறைய எந்த ஆண்டில், எதைக் கற்பித்தார் என்று கேட்டு எழுதி வாருங்கள். புலம்பெயர்ந்தவர்களிடம் தொலைபேசியிற் கேளுங்கள். அவர்களுக்கு இங்குள்ளவர்களைவிட நன்றாக நினைவிருக்கும். பழைய வகுப்புப் படம் இருந்தால் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். கைப்பேசியில் பிரதி எடுத்துவிட்டு, படத்தை அங்கேயே வைத்துவிடுங்கள். அடுத்த ஆண்டு மலரிலே விளம்பரத்துக்கு ஒதுக்கும் பக்கங்களில் நாலைக் குறைத்து, அந்தப் பெயர்களை அச்சிடுங்கள். விளம்பரம் தரும் வணிகர்களும் எங்கேயோ அகரம் படித்தவர்கள்தாம், கோபிக்கமாட்டார்கள்.

காரியதரிசி கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒற்றைக் கோடிட்ட கொப்பி ஒன்றை வாங்கி வாயிலடியில் மேசைமேல் வைத்திருக்கிறேன். முதற் பக்கத்தில் நால்வருடைய பெயரை நான் எழுதிவிட்டேன். பெரியவர்கள் வீட்டுக்குப் போகும்போது தங்களுடைய ஆசிரியரின் பெயரை அதிலே எழுதிவிட்டுப் போகுமாறு கேட்டுக்கொள்கிறேன். பெயர் நினைவில்லாதவர்கள் பட்டப்பெயரையேனும் எழுதுங்கள். மற்றவர்கள் கண்டு பிடித்துக்கொள்வார்கள்.